கொல்லைப்புறமும் கருப்பொருளும்

ஐவகை நிலங்களுக்கும் உரிய கருப்பொருள்களை எண்ணுமிடத்துத் தொல்காப்பியர், தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் ஆகியவற்றை ஒரே வரிசையில் நிறுத்துகிறார். இவ்வரிசையைத் தேர்வுக்கென மனப்பாடம் செய்யும் மாணவர் பலர். விலங்கும் மரமும் பறவையும் நிற்கும் வரிசையில் மனிதனின் தொழிலுக்கு என்ன இடம் என்று வினவும் மாணவர் மிகச் சிலரே. ஒரு நிலத்தில் மனிதன் செய்யும் வேலையே அந்நிலத்தின் உயிர்களை அவனுக்கு அறிமுகப்படுத்துகிறது என்பதே அவ்வினாவுக்கு விடை என நாம் கருதுகிறோம். தினைப்புனம் காத்தவள் கிளியை அறிந்தாள். வலை இழுத்தவன் சுறாவை அறிந்தான். நாற்று நட்டவள் நண்டையும் நாரையையும் அறிந்தாள். தொழில் நின்றுபோனால் அவ்வறிவும் நின்றுபோகும்.

இவ்வுண்மையைக் காண்பதற்குச் சங்க காலத்துக்குச் செல்ல வேண்டியதில்லை. நம் வீட்டுக் கொல்லைப்புறத்துக்குச் சென்றாலே போதும். கோடை விடுமுறையில் பிள்ளைகள் கொல்லையில் செய்துவந்த சிறுசிறு வேலைகள் நம் காரைக்காலில் வழக்கொழிந்து வருகின்றன. அவற்றோடு அணிலையும் சாரையையும் செம்போத்தையும் கூகையையும் பற்றிய அறிவும் நம்மைவிட்டு அகன்று வருகிறது. அறியாமை அச்சத்தை விளைவிக்கிறது. அச்சம் கொலையில் முடிகிறது. ஆதலின் அவ்வேலைகளை நம் பிள்ளைகளின் கைகளில் மீண்டும் ஒப்படைத்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நாம் வலியுறுத்த விழையும் கருத்தாகும்.

கடைமடையின் கோடை

மூன்று புறமும் தமிழக மாவட்டங்களும் கிழக்கே வங்கக் கடலும் சூழ்ந்த காரைக்கால், ஆட்சியால் புதுவையைச் சேர்ந்ததாயினும் மண்ணால் காவிரியைச் சேர்ந்தது. அரசலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு, திருமலைராயனாறு எனக் காவிரியின் கிளைகள் பல நம் மண்ணைக் கடந்தே கடலை அடைகின்றன. மருதமும் நெய்தலும் மயங்கிக் கிடக்கும் நிலம் நம்முடையது. ஆற்று நீர் இறுதியாக வந்து சேரும் கடைமடையும் இதுவேயாகும். மேட்டூர் அணை ஜூன் 12-ஆம் நாள் திறக்கப்பட்டு ஜனவரி 28-ஆம் நாள் மூடப்படுவது நெடுநாள் வழக்கம். அணையில் நீர் இருப்புக் குறைந்த ஆண்டுகளில் திறப்பு தள்ளிப்போவதும் உண்டு. காவிரி நடுவர் மன்றம் 2007-இல் புதுவைக்கென ஒதுக்கிய 7 டி.எம்.சி. நீரை உச்ச நீதிமன்றமும் 2018-இல் உறுதி செய்தது. எனினும் அந்நீரைக் கோடை முழுதும் நம் வாய்க்கால்கள் எதிர்பார்த்தே கிடக்கின்றன.

சம்பா அறுவடை முடிந்து, அதன் பின் விதைத்த உளுந்தையும் பயறையும் எடுத்துவிட்டால் வயல்கள் வெடித்துக் கிடக்கும். அணை மூடிய நாளிலிருந்து அது திறக்கும் நாள் வரை மருதம் ஒருவகையில் பாலையின் சாயலை ஏற்கிறது. அப்பருவத்தில் ஈரம் எஞ்சி நிற்கும் இடங்களுள் வீட்டுக் கொல்லை தலையாயது. கிணற்றடி, குளித்த நீர் பாயும் வாழையடி, தென்னைக்கு வெட்டிய பாத்தி, பாத்திரம் துலக்கும் இடம் ஆகியவற்றை நாடித் தவளையும் தேரையும் வருகின்றன. வயலில் இரை தீர்ந்த எலி வைக்கோற்போரையும் விறகடுக்கையும் நாடி வருகிறது. எலியையும் தவளையையும் தேடிச் சாரையும் நாகமும் வருகின்றன. பாம்பின் பின்னே கீரி வருகிறது. மாவும் சப்போட்டாவும் கொய்யாவும் பழுக்கும் வேளையில் பகலில் அணிலும் குயிலும், இரவில் வௌவாலும் மரநாயும் வந்து போகின்றன. இவையெல்லாம் எங்கிருந்தோ படையெடுத்து வந்தவை அல்ல. சுற்றிலும் வறண்டதனால் ஈரம் உள்ள இடத்தில் ஒதுங்கியவை. இதனை உணர்ந்தாலே நம் சினத்தில் பாதி தணிந்துவிடும்.

கொல்லையில் நிகழ்ந்த வேலைகள்

பள்ளி மூடியதும் பிள்ளைகளுக்குக் கொல்லையில் வேலை தொடங்கிவிடும். விழுந்த தென்னை மட்டைகளைப் பிளந்து ஊறவைத்துக் கீற்று முடைதல், ஈர்க்கைச் சீவித் துடைப்பம் கட்டுதல், மாவடு பொறுக்குதல், புளியை உலர்த்திக் கொட்டை நீக்குதல், வடகத்துக்கும் வற்றலுக்கும் காவல் இருத்தல், முருங்கைப் போத்து நடுதல், வேலி அடைத்தல், எருக்குழி கிளறுதல், மாலையில் செடிகளுக்கு நீர் இறைத்தல் என அவ்வேலைகள் நீளும். நம் சமுதாயத்தில் ஆண்கள் பலர் சைகோன், பினாங்கு, சிங்கப்பூர் எனக் கடல் கடந்து பொருளீட்டச் சென்றிருந்த காலங்களில், கொல்லை முழுவதும் பெண்களின் ஆட்சியில் இருந்தது. உம்மம்மாவும் பெரியம்மாவும் ராத்தாவும் அங்கே ஆசிரியர்களாக விளங்கினர். கொல்லைக் கதவுகளின் வழியே அண்டை வீட்டாரோடு காய்கனிகளும் கன்றுகளும் கைமாறின. அறிவும் அவ்வாறே கைமாறியது.

அவர்கள் கற்பித்தவை வெறும் வேலை நுணுக்கங்கள் மட்டுமல்ல. கீற்றடுக்கையோ விறகையோ எடுக்கச் செல்லும் பிள்ளையிடம், “கோலால ரெண்டு தட்டு தட்டிட்டு அப்புறம் கைய வை புள்ள” என்பார்கள். பாம்புக்கும் தேளுக்கும் ஒதுங்க வாய்ப்பளித்துவிட்டு வேலையைத் தொடங்கும் நெறி அது. அணில் ஓரிடத்தை நோக்கி விடாமல் கத்தினாலும், தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒரு புதரைச் சுற்றி ஆரவாரித்தாலும் அங்கே பாம்போ பூனையோ உண்டு எனக் கொள்ள வேண்டும். இதனை எந்தப் பாடநூலும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. வடகத்துக்குக் காவல் இருந்த நண்பகல்களே சொல்லித்தந்தன.

எருக்குழியைக் கிளறும்போது கிடைக்கும் பருத்த வெண்புழு, தென்னங்குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டின் இளம்பருவம் என்பதைப் பிள்ளைகள் அங்கேயே கற்றனர். அப்புழுவைப் பொறுக்கி எடுத்துக் கோழிக்கு இடுவதும், தென்னம்பிள்ளையின் குருத்தடியில் வேப்பங்கொட்டைத் தூளும் மணலும் கலந்து இடுவதும் அவர்களுடைய வேலையாயின. மாமரத்தில் இலைகளைச் சேர்த்துப் பின்னிக் கூடு கட்டும் முசிறு எறும்பைக் கண்டு அஞ்சினாலும் அக்கூட்டைக் கொளுத்துவதில்லை; முசிறு உள்ள மரத்தில் பூச்சி குறையும் என்பதை மூத்தோர் அறிந்திருந்தனர். அது வெறும் நம்பிக்கையன்று. ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன்பே சீனத்தின் தென்பகுதியில் இவ்வகை எறும்புகளின் கூடுகளைச் சந்தையில் விலைக்கு வாங்கி ஆரஞ்சு மரங்களில் கட்டினர் என்பது வேளாண் வரலாறு கூறும் செய்தி. பூச்சியைக் கொண்டே பூச்சியை அடக்கும் முறைக்கு உலகில் கிடைக்கும் மிகப் பழைய சான்றாக அறிஞர்கள் இதனைக் குறிப்பிடுகின்றனர்.

கிணற்றில் தூர் எடுக்கும் நாளும் பிள்ளைகளுக்குத் திருநாளே. நீரைத் தூய்மையாக வைத்திருக்கும் என்னும் நம்பிக்கையில் கிணற்றில் ஆமை விட்டு வளர்த்த வீடுகள் நம் பகுதியில் உண்டு. தூர் எடுத்து முடியும் வரை அவ்வாமையைத் தொட்டியில் காத்திருந்து மீண்டும் கிணற்றில் விடும் பொறுப்பு ஒரு சிறுவனிடமோ சிறுமியிடமோ ஒப்படைக்கப்படும். ஓர் உயிருக்குத் தாம் பொறுப்பு என்பதை அவர்கள் முதன்முதலாக உணரும் நேரமும் அதுவே.

ஓட்டுதல் வேறு, கொல்லுதல் வேறு

இவ்வேலைகள் பலவற்றுக்கும் பொதுவான பண்பு ஒன்று உண்டு. அது காவல் என்பதாகும். காவல் என்பது அழிப்பன்று. இவ்வேறுபாட்டைத் தமிழ் இலக்கியம் தெளிவாகவே பதிவு செய்துள்ளது. நமக்கு வடக்கே தரங்கம்பாடியைக் கடந்தால் வரும் பூம்புகாரின் வாழ்வைப் பாடும் பட்டினப்பாலையில், முற்றத்தில் உலரும் உணவுப்பொருளைக் கவர வந்த கோழியின்மேல் மகளிர் தம் காதணியைக் கழற்றி எறிகின்றனர். கீழே விழுந்த அக்குழை, சிறுவர் உருட்டும் விளையாட்டுத் தேருக்குத் தடையாய்க் கிடக்கிறது. இக்காட்சியைப் பூம்புகாரின் செல்வச் செழிப்புக்குச் சான்றாகவே வகுப்பறைகளில் விளக்குவது வழக்கம். அதனுள் வேறொரு செய்தியும் உண்டு. அது முற்றத்தில் தானியம் காத்த காட்சி. பிள்ளைகள் அருகில் விளையாட, பெண்கள் காவல் இருக்க, கோழி விரட்டப்படுகிறது. வடகத்துக்குக் காவல் இருந்த நம் வீட்டுப் பெண்பிள்ளை அம்மகளிரின் நேர் வாரிசு அல்லளோ!

குறிஞ்சிப்பாட்டும் இதற்குத் துணை நிற்கிறது. தலைவியும் தோழியும் பரண்மேல் இருந்து தழல், தட்டை, குளிர் முதலிய கருவிகளால் ஓசை எழுப்பிக் கிளிகளை ஓட்டுகின்றனர். கிளியை ஓட்ட ஓசையே போதுமானதாயிருந்தது. காவலுக்கு நடுவே அருவியாடி அப்பெண்கள் பறித்துக் குவித்த மலர்களாகக் கபிலர் அடுக்கும் பெயர்கள் 99 என்பது உரைவழி வந்த கணக்கு. தினை காக்கச் சென்ற இளம்பெண்களுக்கு அத்தனை மலர்களின் பெயரும் தெரிந்திருந்தன என்று ஒரு புலவர் பாடுவதில் அன்றைய கேட்போருக்கு வியப்பு ஏதும் இருந்திராது. வேலை செய்தவர்கள் ஆதலின் அவர்கள் அறிந்திருந்தனர்.

இன்று நம் வகுப்பறையின் நிலை வேறு. மருதத்துக்கும் நெய்தலுக்கும் உரிய பறவைகளைப் பிழையின்றி எழுதி முழு மதிப்பெண் பெறும் மாணவரிடம், “உங்கள் வீட்டு வேலியில் கருநிற உடலும் செம்பழுப்புச் சிறகுமாய்த் தத்தித் திரிந்து, ‘ஊப், ஊப்’ என ஒலிக்கும் பறவையின் பெயர் என்ன?” என வினவினால் பெரும்பாலும் மௌனமே விடையாகக் கிடைக்கிறது. செம்போத்து என்னும் சொல்லை அவர்கள் கேட்டதேயில்லை. பொருள் கண்முன் இருக்கச் சொல் மறைந்துபோவது மொழிக்கு நேரும் இழப்பு. அச்சொல்லுக்கு உரிய உயிரும் மறைந்துபோனால் அது நாட்டுக்கே நேரும் இழப்பு.

அறியாமை விளைவிக்கும் அச்சம்

அறியாமையின் விலையை முதலில் செலுத்துவது சாரைப்பாம்பு. நஞ்சு சிறிதும் இல்லாத இப்பாம்பு உழவரின் எலிகளை உண்டு வாழ்வது. ஆயினும் நீண்ட உடலும் விரைந்த ஓட்டமும் கொண்டதால், கண்டவுடன் அடித்துக் கொல்லப்படுகிறது. சாரையும் நாகமும் பின்னிப் புணரும் என்னும் நம்பிக்கை இன்றும் நம்மிடையே உலவுகிறது. ஆனால் அவ்வாறு பின்னி எழுந்து நிற்பவை பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள். அது புணர்ச்சியன்று, மற்போர் என்பது ஆய்வாளர் கண்ட உண்மை. ஒரு சாரையை அடித்துக் கொல்லும் தெருவில் எலி பெருகும். எலி பெருகிய இடத்தை நாகமும் விரியனும் நாடும். அச்சத்தால் செய்த செயல் அச்சத்துக்குரிய பொருளையே வீட்டுக்கு அழைத்து வருகிறது.

நஞ்சுள்ள பாம்பைப் பற்றிய அச்சம் பொருளற்றது என நாம் கூறவில்லை. 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 இலட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர், உயிரிழந்திருக்கலாம் என்பது 2020-இல் வெளிவந்த ஆய்வின் மதிப்பீடு. பெரும்பாலும் நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கே இவ்விறப்புகளுக்குக் காரணமாகின்றன. இந்நான்கையும் பிறவற்றிலிருந்து பிரித்தறியும் அறிவு உயிர்காக்கும் அறிவாகும். கட்டுவிரியன் இரவில் இயங்குவது. தரையில் உறங்குவோரைக் கடிக்கும். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதாக இராது. ஆதலின் கட்டிலில் உறங்குதல், கொசுவலையின் ஓரங்களைப் பாய்க்கு அடியில் செருகிக்கொள்ளுதல், இரவில் விளக்குடன் நடத்தல் ஆகியவை நல்ல காவல்கள். கடிபட்டால் கயிற்றால் இறுகக் கட்டுதலும், கீறி வாயால் உறிஞ்சுதலும், மந்திரிப்பவரைத் தேடி ஓடுதலும் தவறு. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து, காலம் தாழ்த்தாது நச்சுமுறி மருந்துள்ள மருத்துவமனைக்குச் செல்வதே வழி.

அம்மருந்தின் வரலாற்றிலும் நாம் கற்கத்தக்கது உண்டு. 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் மாமல்லபுரத்துக்கு அருகில் இயங்கி வருகிறது. அதன் உறுப்பினர்கள் பாம்பைப் பிடித்து நஞ்சை எடுத்துவிட்டு மீண்டும் காட்டிலேயே விட்டுவிடுகின்றனர். நாட்டின் நச்சுமுறி மருந்துக்கு வேண்டிய நஞ்சில் பெரும்பகுதி அங்கிருந்தே சென்றுள்ளது. அச்சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. பட்டம் பெறாத அவர்களுடைய அறிவு, வேலையின் வழியே தலைமுறை தலைமுறையாக வந்த அறிவன்றோ!

கூகையின் நிலையும் இரங்கத்தக்கதே. அதன் அலறல் சாவைக் கூவி அழைக்கும் என அஞ்சிக் கல்லெறிகிறோம். மலேசியாவின் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் எலியைக் கட்டுப்படுத்த அதே வெண்கூகைக்கு மரப்பெட்டி செய்து கம்பத்தில் ஏற்றி வைத்து வரவேற்கின்றனர். வௌவாலுக்கோ சட்டமே நெடுங்காலம் பகையாயிருந்தது. 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் பழந்தின்னி வௌவாலை எலியோடு சேர்த்துத் தீங்குயிர் எனப் பட்டியலிட்டது. 2022-ஆம் ஆண்டின் திருத்தத்தால்தான் அப்பட்டியல் நீங்கியது. இலுப்பை முதலிய மரங்களின் மகரந்தச் சேர்க்கைக்கு உதவுவதும், விதைகளைத் தொலைவுக்குக் கொண்டு சேர்ப்பதும் வௌவாலே ஆகும். தவளையின் அருமையையும் நாடு காலம் தாழ்த்தியே உணர்ந்தது. வயல்களில் பூச்சியை உண்ட தவளைகளைப் பிடித்து அவற்றின் கால்களை அயல்நாடுகளுக்கு விற்று வந்த வணிகம் 1987-இல் தடை செய்யப்பட்டது.

நம் கொல்லையைப் பிறர் அறிந்த வரலாறு

நமக்கு அண்மையில் உள்ள தரங்கம்பாடியில் டேனியர் ஆட்சிக் காலத்தில் பணியாற்றிய கிறித்தவத் தொண்டர் கிறிஸ்டோப் சாமுவேல் ஜான், சமயப் பணியோடு இப்பகுதியின் உயிரினங்களையும் திரட்டி ஆராய்ந்தார். நாம் இருதலைப்பாம்பு என்றும் மண்ணுளிப்பாம்பு என்றும் கூறும் நஞ்சற்ற பாம்புக்கு 1801-இல் அறிவியற் பெயர் சூட்டிய பாட்ரிக் ரஸ்ஸல், அவரது நினைவாகவே அதற்கு ‘ஜானி’ என்னும் பெயரை இணைத்தார். கடல் கடந்து வந்த ஒருவர் நம் மண்ணின் உயிர்களை விரும்பிக் கற்றார். அம்மண்ணிலேயே பிறந்த நாமோ அப்பாம்புக்கு இரண்டு தலை என நம்புகிறோம். அது செல்வம் தரும் என ஏமாற்றி விற்போரிடம் பொருளையும் இழக்கிறோம்.

பம்பாயில் 1896-இல் பிறந்த சாலிம் அலி, சிறுவராய் இருந்தபோது தாம் சுட்டு வீழ்த்திய குருவியின் கழுத்தில் மஞ்சள் நிறம் இருக்கக் கண்டு, இஃது என்ன குருவி என வினவினார். அவருடைய மாமா அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். அவ்வொரு வினாவே இந்தியாவின் தலைசிறந்த பறவையியல் அறிஞரை உருவாக்கிற்று. “சும்மா போ” என அம்மாமா அதட்டியிருந்தால் நாட்டுக்கு நேர்ந்திருக்கும் இழப்பைப் பெற்றோர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அ. மாதவையாவின் மகனான மா. கிருஷ்ணன் 1950 முதல் 1996-இல் மறையும் வரை கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் இயற்கை பற்றிய பத்தியைத் தொடர்ந்து எழுதினார். யானையை நுணுகி ஆராய்ந்த அவரே வீட்டைச் சுற்றித் திரியும் காக்கையையும் அணிலையும் அதே ஈடுபாட்டோடு எழுதினார். காட்டுக்குச் செல்ல வாய்ப்பில்லாதோரும் காட்டுயிரை அறியலாம் என்பதற்கு அவர் எழுத்தே சான்று.

எழும் மறுப்புகள்

பிள்ளைகளைக் கொல்லையில் வேலைக்கு அனுப்பலாமா எனச் சிலர் வினவலாம். கூலிக்கு வாடிய ஏழைச் சிறாரின் கோடைகளை நாம் மறந்துவிடவில்லை. அந்நிலை மீண்டும் வருதல் கூடாது. பதினான்கு வயதுக்குட்பட்டோரை வேலைக்கு அமர்த்துவதைத் தடுக்கும் சட்டம், 2016-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பள்ளி நேரத்துக்குப் பின்னும் விடுமுறையிலும் பிள்ளைகள் தம் குடும்பத்துக்கு உதவுவதை ஏற்கிறது. நாம் கூறுவது அத்தகைய வீட்டுதவியை மட்டுமே. காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி போதுமானது.

மருத்துவம், பொறியியல் நுழைவுத் தேர்வுகளுக்குப் படிக்கும் பிள்ளைக்கு நேரம் ஏது என்பது மற்றொரு மறுப்பு. உயிரியல் பயிலும் மாணவர் தவளையின் படத்தை மனத்தில் இருத்துவதோடு அதன் குரலையும் அறிந்திருந்தால் படிப்புக்கு ஊறு நேராது. நாள் முழுதும் கைப்பேசியைக் குனிந்து நோக்கும் கண்களுக்கும் அது ஓய்வாகும்.

இடமில்லை என்பது மூன்றாவது மறுப்பு. 2018 நவம்பர் 16-இல் கரையைக் கடந்த கஜா புயலில் விழுந்த மரங்களுக்கு ஈடாக மரம் நடாமல், அவ்விடத்தில் சிமெண்டுத் தளம் போட்ட வீடுகளை நாம் அறிவோம். இலை விழாது, கூட்டும் வேலையில்லை என்பதே அதற்குக் கூறப்படும் காரணம். ஆனால் அத்தளம் மழைநீரை மண்ணுக்குள் விடுவதில்லை; கோடையில் வீட்டையும் கொதிக்கச் செய்கிறது. முழுக் கொல்லையும் வேண்டாம். வேலியோரம் நான்கு முழ அகலத்துக்கு மண்ணை மண்ணாகவே விட்டுவைத்தால் போதும்.

நான்காவதாக ஒன்றை நாமே எழுப்ப வேண்டியுள்ளது. பழைய நாட்களில் இவ்வேலைகளின் பெரும்பங்கு பெண்பிள்ளைகளின் தலையிலேயே விழுந்தது. மாவடு பொறுக்கியதும் புளி உலர்த்தியதும் அவர்களே. பழுத்த பழத்தை முதலில் தின்றவர்கள் ஆண்பிள்ளைகள். அந்நிலையை அப்படியே மீட்க வேண்டும் என நாம் கேட்கவில்லை. துடைப்பமும் மண்வெட்டியும் இருபாலாருக்கும் பொதுவாதல் வேண்டும்.

செய்யத்தக்கன

மாணவச் செல்வங்கள் வரும் கோடையில் தம் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ ஒரு கொல்லை வேலையைத் தமக்கெனத் தேர்ந்து, பள்ளி திறக்கும் வரை கைவிடாமல் செய்தல் வேண்டும். நிழலில் ஓர் அகன்ற மண்சட்டியில் நாள்தோறும் நீர் மாற்றி வைப்பது மிக எளிய வேலை. அதில் நீர் அருந்த வரும் உயிர்களின் பெயர், நேரம், செயல் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வரலாம். 2016-இல் பொள்ளாச்சிப் பகுதியில் முதலில் காணப்பட்டுப் பின் பரவிய சுருள் வெள்ளை ஈயால் தென்னோலைகள் கரும்படலம் பூத்து நிற்கின்றன. அதற்கு நஞ்சு தெளித்தால் அவ்வீயை அழிக்கும் நன்மைப் பூச்சியும் மடியும் என்பதனால், மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுதலையும் ஓலையின் அடிப்புறத்தில் விசையாக நீர் பீய்ச்சுதலையுமே வேளாண் வல்லுநர்கள் பரிந்துரைக்கின்றனர். எட்டும் உயரத்தில் உள்ள தென்னம்பிள்ளைகளுக்கு இதனைச் செய்தல் பிள்ளைகளுக்கும் இயலும். ஐயம் எழுந்தால் வழிகாட்ட நம் ஊரிலேயே பண்டித ஜவாஹர்லால் நேரு வேளாண்மைக் கல்லூரி உள்ளது. கதண்டுக் கூடு, நஞ்சுள்ள பாம்பு ஆகியவற்றை மட்டும் பிள்ளைகள் நெருங்காமல் பெரியோரிடம் தெரிவித்துத் தீயணைப்புத் துறையையோ வனத்துறையையோ அழைத்தல் வேண்டும்.

தமிழாசிரியர்களாகிய நமக்கும் கடமை உண்டு. கொல்லைச் சொற்களை மாணவரைக் கொண்டு மூத்தோரிடமிருந்து திரட்டுதல் வேண்டும். போத்து, ஈர்க்கு, கீற்று, பாத்தி, தூர், முசிறு, கதண்டு, செம்போத்து முதலிய சொற்களைச் சொன்னவர் வயது, தெரு, பொருள், பயன் ஆகிய விவரங்களோடு பதிவு செய்தால் ஒரே கோடையில் ஒரு சிற்றகராதி உருவாகும். அகராதிக்குச் சொல் தேடிச் செல்லும் மாணவர், அச்சொல்லின் பொருளையும் கொல்லையிலேயே கண்டு திரும்புவார்.

சமுதாயப் பெரியோர்களிடமும் ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறோம். பள்ளிவாசல் குளங்களும் மையவாடிகளும் பறவைகளுக்கும் சிற்றுயிர்களுக்கும் நெடுங்காலமாகப் புகலிடமாய் விளங்கி வருபவை. அவற்றைத் தூய்மை செய்யும்போது மரங்களை வேரோடு அகற்றாமலும், கரை முழுவதையும் சிமெண்டால் மூடாமலும் காத்தல் வேண்டும். ஒருவர் நட்ட மரத்தின் பயனை மனிதரோ பறவையோ விலங்கோ உண்டால் அது நட்டவருக்கு அறமாகக் கணக்கிடப்படும் என்னும் நபிமொழியை நாம் அனைவரும் அறிவோம். அணில் கொறித்த மாம்பழத்தைக் கண்டு முகம் சுளிக்கும்போது அம்மொழியை நினைவிற் கொள்வது நலம். ஆனித் திங்களில் வீட்டு மாடிகளிலிருந்து மாங்கனியை வாரி இறைக்கும் விழாவைக் கொண்ட ஊர் நம்முடையது. இம்மண்ணில் பழுக்கும் கனியில் பறவைக்கும் வௌவாலுக்கும் ஒரு பங்கு போவதை இழப்பாகக் கருதத் தேவையில்லை.

பட்டம் பெற்று நம் மாணவர்கள் பலர் வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் செல்வர். அங்கே அவர்கள் ஈட்டும் பொருளால் இங்கே வீடுகள் உயரும். அவ்வீடுகளுக்குப் பின்னே சிறிது மண்ணும், அம்மண்ணில் வேலை செய்யத் தெரிந்த பிள்ளையும், அப்பிள்ளைக்குப் பெயர் தெரிந்த சில உயிர்களும் எஞ்சியிருத்தல் வேண்டும். அப்பொழுதுதான் கருப்பொருள் என்பது வினாத்தாளில் ஐந்து மதிப்பெண்ணுக்குரிய விடையாகச் சுருங்காமல் வாழ்வாக நிலைக்கும். வரும் கோடையிலேயே அதற்குரிய பணியை நம் நம் இல்லத்தில் தொடங்குவோமாக.